நான் மவுஸை விட்ட காரணம்

பணி ஓய்வு பெற்ற நாளில் கூட வேலை பார்த்தவர்கள் எனக்கு ஒரு மவுஸ் பரிசளித்தார்கள். வயர் இல்லாத, கறுப்பு நிறத்தில், பார்க்கவே மிடுக்கான மவுஸ். பெட்டியைப் பிரித்ததும் அறை முழுக்கச் சிரிப்பு. எனக்கு அடுத்த மேசையில் பதினோரு வருடம் உட்கார்ந்திருந்த ரம்யா, "காதர் பாய் வீட்டுலயாச்சும் நம்மள மாதிரி மவுஸ் பிடிக்கட்டும்" என்று சொல்லிக் கைதட்டலும் வாங்கினாள். நானும் சிரித்து வைத்தேன்.

போன மாதம் அவளே தொலைபேசியில் அழைத்தாள். கிளையின் ஆண்டு மலருக்கு நான் ஏதாவது எழுத வேண்டுமாம். புதிதாகச் சேர்ந்தவர்கள் என் பழைய மேசையைப் பற்றிக் கேட்கிறார்களாம். "டெஸ்க்டாப்புக்கு எதுக்கு லேப்டாப்புல இருக்கிற டிராக்பேடுன்னு கேக்குறாக பாய். அதையே எழுதுங்க. மணிக்கட்டு வலின்னு மட்டும் எழுதிராதீக, அது எங்களுக்கே தெரியும்" என்றாள்.

என் மணிக்கட்டு ஒருநாளும் வலித்ததில்லை. இன்றைக்கும் கிணற்றில் நானே வாளி போட்டு இறைக்கிறேன். வலி என்று சொன்னது பொய். பொய்க்குத் துணையாக மருந்துக்கடைப் பட்டை ஒன்றைக்கூடச் சில நாள் கட்டிக்கொண்டு திரிந்தேன். உண்மை தெரிந்தவர்கள் மூன்றே பேர். ஒருவர் என் மேலாளர், அவர் காலமாகிவிட்டார். இன்னொருத்தி என் மனைவி நூர்ஜகான், அவளும் இல்லை. மூன்றாவது ஆளிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். "எழுதுங்க பாய், எம்பேர மட்டும் மாத்திப் போடுங்க" என்று சொல்லியிருக்கிறாள். மாற்றித்தான் போட்டிருக்கிறேன்.

நான் தொண்டிக்காரன். கூடப் படித்தவர்கள் துபாய்க்கும் சவுதிக்கும் விமானம் ஏறியபோது, டைப்ரைட்டிங் ஹையர் முடித்த கையோடு ராமநாதபுரத்துக்குப் பஸ் ஏறியவன். ஓர் அறக்கட்டளையில் வேலை. கடற்கரைக் குடும்பங்களுக்கு மருத்துவ உதவி அட்டை கொடுக்கும் அறக்கட்டளை அது. அட்டையைக் காட்டினால் குறிப்பிட்ட ஆஸ்பத்திரிகளில் வைத்தியம் பார்ப்பார்கள். முதலில் டைப்ரைட்டர், பிறகு கம்ப்யூட்டர். மவுஸ் பிடிக்க எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கம்ப்யூட்டரில் இருந்த சீட்டாட்டத்தை இரண்டு வாரம் ஆடச் சொன்னார்கள், கை பழகிவிட்டது. பயிற்சி என்று சொல்ல வேறொன்றும் கிடையாது.

மேலாளர் தங்கராசு சார் முதுகுளத்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். அவர் சட்டைப்பையில் எப்போதும் இரண்டு பென்சில் இருக்கும். காலையில் வந்ததும் பழைய பிஸ்கட் டப்பா மூடிக்குள் பிளேடால் இரண்டையும் சீவுவார். சீவி முடியும்வரை அவரிடம் யாரும் பேசக்கூடாது. கோபம் வந்தால் கத்த மாட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், குரல் இறங்கிக்கொண்டே போகும். அவர் குரல் கேட்காமல் போனால் நமக்குக் கெட்ட காலம் என்று அர்த்தம்.

அவர் வைத்த விதி ஒன்றுதான். படிவத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றிய பிறகு, எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு ஒவ்வொரு வரியையும் சத்தமாக வாசித்துக் காட்ட வேண்டும். அவர் "ஆமா" என்று வாயால் சொல்ல வேண்டும், தலையாட்டினால் செல்லாது. சொன்ன பிறகு காகிதப் படிவத்தில் அந்த வரிக்கு இடப்பக்கம் பென்சிலால் ஒரு டிக். இருபத்திரண்டு வரிக்கும் டிக் விழுந்த பிறகுதான் அனுப்பும் பொத்தானை அழுத்தலாம். ஒருமுறை காது மந்தமான பெரியவர் ஒருவர் எல்லாவற்றுக்கும் ஆமா ஆமா என்றார். தங்கராசு சார் சந்தேகப்பட்டு, "உங்க பேரு ராசாத்திதான?" என்று கேட்டார். அதற்கும் ஆமா. அன்றிலிருந்து, திரையைப் பார்த்து வாசிக்காதே, முகத்தைப் பார்த்து வாசி என்றும் சேர்த்துக்கொண்டார்.

நான் அந்த விதியைப் பத்தொன்பது வருடம் மீறியதில்லை. சலித்திருக்கிறேன், ஆனால் மீறவில்லை. மீறியது ஒரே ஒருநாள், ஒரே ஒரு வரி.

பாம்பனிலிருந்து காளீஸ்வரி என்ற பெண் அட்டைக்கு விண்ணப்பிக்க வந்தாள். முப்பது வயதிருக்கும். நெற்றியில் பெரிய பொட்டு, கழுத்தில் மஞ்சள் மங்காத தாலிக்கயிறு. அவள் கதை கிளையில் எல்லோருக்கும் தெரியும். அவள் கணவன் நம்புவேலு நாட்டுப்படகில் போன மூன்று பேரில் ஒருவன். காற்றடித்த அன்று ஒருவர் நீந்திக் கரையேறினார், ஒருவர் உடல் ஒதுங்கியது, நம்புவேலுவைக் காணவில்லை. ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. ஊரில் பாதிப்பேர் அவன் போய்விட்டான் என்றார்கள். பாதிப்பேர் அக்கரையில், இலங்கையில் எந்தச் சிறையிலாவது இருப்பான் என்றார்கள். அவள் எதுவும் சொல்வதில்லை என்று கேள்வி.

அந்தப் படிவத்தில் சில கட்டங்களில் எழுத வேண்டியதில்லை. அழுத்தினால் பட்டியல் விரியும், ஒன்றைத் தேர்ந்தால் மூடிக்கொள்ளும். மணநிலை என்ற கட்டத்தில் நான்கு வரி. திருமணமாகாதவர், திருமணமானவர், துணையை இழந்தவர், மணவிலக்கு பெற்றவர். அவள் காகிதத்தில் இருந்தபடி இரண்டாவதைத் தேர்ந்தேன். இது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பிறகு பக்கத்தைக் கீழே நகர்த்த மவுஸின் சக்கரத்தை உருட்டினேன். பிறகு வாசித்துக் காட்டினேன்.

பெயர். ஆமா. ஊர். ஆமா. கணவர் பெயர். "ஆமா" என்று சொன்னாள், சொல்லும்போது முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டாள். அடுத்தது மணநிலை. அந்த முகத்தைப் பார்த்து, திருமணமானவர்தானே என்று எப்படிக் கேட்பது? ஆமா என்பதற்குள் அவள் என்ன பாடுபடுவாள்? பாவம் என்று தோன்றியது. கண்ணைத் திரையிலிருந்தும் அவளிடமிருந்தும் எடுத்துவிட்டு, வாசிக்காமலே டிக் போட்டேன். அடுத்த வரிக்குப் போனேன். பெரிய நல்ல காரியம் செய்துவிட்டதாக உள்ளுக்குள் ஒரு திருப்திகூட இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு முற்பகலில் தொலைபேசி அடித்தது. நான்தான் எடுத்தேன்.

"சார், பாம்பன்லருந்து காளீஸ்வரி பேசுறேன். எங்க வீட்டுக்காரரு எங்கன கெடைச்சாரு?"

எனக்குப் புரியவில்லை. "என்னம்மா?" என்றேன்.

"கார்டுல போட்டிருக்கீகளே, காலஞ்சென்ற நம்புவேலுன்னு. உங்களுக்குத் தகவல் வந்ததுனாலதான போட்டிருப்பீக. போன வாரம் கார்டு வந்ததுலருந்து வீட்டுல ஒரே அழுக. எங்கன கெடைச்சாருன்னு யாருக்கும் தெரியல. அங்கனயே அடக்கம் பண்ணிட்டாகளா சார்?"

நான் அவள் பதிவைத் திறந்தேன். மணநிலை: துணையை இழந்தவர். அந்த வரி இருந்தால் துணைவர் பெயருக்கு முன்னால் "காலஞ்சென்ற" என்று அட்டையில் தானாக அச்சாகிவிடும்.

"நாளைக்குக் காலையில தாலியக் கழட்டணும்னு எங்க வீட்டுக்காரரோட அண்ணன் சொல்லிட்டாக" என்று அவள் தொடர்ந்தாள். "சொந்தக்காரங்களுக்கெல்லாம் சொல்லியாச்சு. நான் மாட்டேன்னுட்டேன். எங்கன கெடைச்சாருன்னு தெரிஞ்சா நானே கழட்டிருவேன் சார். அத மட்டும் சொல்லுங்க."

பார்த்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். கோழைத்தனம்தான். பிறகு வெற்றுப் படிவம் ஒன்றைத் திறந்து, அன்று செய்ததை அப்படியே செய்து பார்த்தேன். திருமணமானவர் என்பதைத் தேர்ந்தேன், பக்கத்தை நகர்த்தச் சக்கரத்தை உருட்டினேன். பக்கம் நகரவில்லை. கட்டம் இன்னும் என் பிடியில் இருந்ததால், கட்டத்துக்குள் இருந்த வரி ஒன்று கீழே நகர்ந்தது. சத்தமே இல்லை. எத்தனை வருடமாக எத்தனை பேருக்கு இப்படி நகர்ந்து, வாசித்துக் காட்டும்போது நானே அறியாமல் திருத்தியிருப்பேனோ. விதி இருந்ததே அதற்குத்தான்.

அவள் படிவத்தை எடுத்துக்கொண்டு தங்கராசு சார் முன்னால் போய் நின்றேன். அவர் கேட்டார், படித்தார், கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்த வரிய வாசிச்சீங்களா பாய்?"

"இல்ல சார்."

"டிக் இருக்கே."

"வாசிக்காமப் போட்டேன் சார். அந்தம்மா மூஞ்சியப் பாத்து அதக் கேக்க மனசு வரல."

அவர் துடைத்துக்கொண்டே இருந்தார். "அவங்களுக்குச் சங்கடமா இருக்கும்னு விட்டீங்களா, உங்களுக்குச் சங்கடமா இருக்கும்னு விட்டீங்களா?" என்று கேட்டார். கடைசி வார்த்தை எனக்கு உதட்டசைவில்தான் தெரிந்தது. இன்றுவரை அதற்கு என்னிடம் நேர்மையான பதில் ஒன்றுதான் உண்டு, அன்றைக்குச் சொல்லத் தைரியம் வரவில்லை.

பிழைதிருத்தக் கடிதம் மதுரை தலைமை அலுவலகத்திலிருந்து போகப் பதினைந்து நாள் ஆகும். அதுதான் நடைமுறை. தங்கராசு சார் நடைமுறையின் மனிதர். அவரே, "பதினஞ்சு நாள் கழிச்சுப் போற கடுதாசி நாளைக்குத் தாலிய நிறுத்துமா? இப்பவே கிளம்புங்க. விடுப்புன்னு எழுத மாட்டேன், அலுவலகப் பணின்னு எழுதுறேன்" என்றார். கையொப்பமிட்ட ஒரு வெள்ளைத்தாளையும் கொடுத்தார். பதிவு செய்தவர் பிழை, எங்களுக்கு எந்தத் தகவலும் வரவில்லை என்று அதில் இரண்டு வரி.

பாம்பனில் கருவாடு காயப்போடும் களத்துக்குப் பின்னால் அவள் வீடு. வாசலில் வாடகை நாற்காலிகள் அடுக்கப்பட்டிருந்தன. நம்புவேலுவின் அண்ணன் முனியசாமி என்னை உட்காரச் சொன்னார். தாளைக் கொடுத்தேன், வாயாலும் சொன்னேன். உள்ளே இருந்து நம்புவேலுவின் தாயார் ஓடி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "எம்மகன் இருக்கானா? அப்ப எம்மகன் இருக்கானா?" என்றார். இருக்கிறான் என்று நான் சொல்லவில்லையே என்று அந்தக் கிழவியிடம் எப்படிச் சொல்வது? காளீஸ்வரி கதவோரம் நின்றாள்.

முனியசாமி நம்பவில்லை. "எதையோ மறைக்கிறீக. மேல இருந்து சொல்லக்கூடாதுன்னு உத்தரவா?" என்றார். சிறையிலிருந்து வரும் செய்தியை மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறார் போல. அவரையும் சொந்தக்காரர்கள் நாலைந்து பேரையும் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இருந்த ஜெராக்ஸ் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. இணையத்தில் எங்கள் வெற்றுப் படிவத்தைத் திறந்தேன். திருமணமானவர் என்று தேர்ந்து காட்டினேன். "இப்ப இந்த உருளைய நீங்களே ஒரு தடவ நகட்டுங்க" என்றேன்.

வலை இழுத்துக் காய்த்துப்போன விரலால் அவர் தொட்டார். அந்த விரலுக்கு மவுஸ் சிறுபிள்ளை விளையாட்டுச் சாமான். ஒரு பல் உருட்டினார். வரி மாறியது. மேலே உருட்டினார், திருமணமானவர். கீழே உருட்டினார், துணையை இழந்தவர். மேலே, கீழே, மேலே, கீழே. பின்னால் நின்ற ஒருவர், "இம்புட்டுத்தானா?" என்றார். முனியசாமி எழுந்து வெளியே போய்ப் படியில் உட்கார்ந்தார்.

"காலையில தொண்ணூறு பேரு வருவாக. அவுகளுக்கு நான் என்ன சொல்லட்டும்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் தேவலை.

"எம்பேரச் சொல்லுங்க" என்றேன். "இல்ல, நானே சொல்லிடுறேன்."

அன்று அங்கேயே ஒரு பள்ளிவாசலில் தங்கினேன். காலையில் ஒவ்வொரு பஸ்ஸாக ஆட்கள் இறங்கினார்கள். அவள் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, வந்த ஒவ்வொருவரிடமும் சொன்னேன். என் கைத்தவறு, எங்களுக்குத் தகவல் எதுவும் வரவில்லை, தாலி எடுக்க வேண்டியதில்லை. சிலர் திட்டினார்கள். சிலர் புரியாமல் மறுபடி கேட்டார்கள், மறுபடி சொன்னேன். அழுதுகொண்டே வந்த ஒரு பெண், நான் சொன்னதைக் கேட்டதும் அழுவதா நிறுத்துவதா என்று தெரியாமல் நின்றாள். பத்து மணிக்கு மேல் யாரும் வரவில்லை.

பஸ்ஸுக்கு நின்றபோது காளீஸ்வரி தூக்குவாளியில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அப்போதுதான் நூர்ஜகான் கைப்பேசியில் அழைத்து, "சொல்லிட்டீகளா? சாப்பிட்டீகளா?" என்று கேட்டாள். சொல்லிவிட்டேன் என்றேன்.

"வீட்டுல அக்காவா?" என்றாள் காளீஸ்வரி. ஆமாம் என்றேன். காலித் தூக்குவாளியைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"நீங்க வந்து சொன்னது சரிதான் பாய். சொல்லித்தான் ஆகணும். ஆனா ஒண்ணு சொல்றேன், தப்பா நெனைக்காதீக. ஒன்றரை வருசமா ஒவ்வொரு சத்தத்துக்கும் கதவத் தெறந்து பாத்தவ நான். நாய் ஒரசினாக்கூட எந்திரிச்சிருவேன். இந்த ஒரு வாரந்தேன் நல்லாத் தூங்குனேன். அழுதுட்டுத் தூங்குனேன். இனிமே மறுபடி கதவத் தெறக்கணும்."

பஸ் வந்தது. ஏறிக்கொண்டேன். தப்பாகச் செய்தும் அவளைக் கஷ்டப்படுத்தினேன், திருத்தியும் கஷ்டப்படுத்தினேன்.

மறுநாள் மேசையில் உட்கார்ந்தால் ஆள்காட்டி விரல் தானாகச் சக்கரத்துக்குப் போகிறது. சீட்டாடிப் பழகிய கை, சொன்னால் கேட்குமா? சக்கரத்தின் மேல் டேப் ஒட்டினேன். விரல் டேப்பை உரசிக்கொண்டிருந்தது, இரண்டாம் நாள் அடுத்த ஷிப்ட்டுக்காரர் பிய்த்துப் போட்டுவிட்டார். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதுரைக்குப் போய் டிராக்பேட் வாங்கினேன். உள்ளங்கை அகலத்தில் வழவழப்பான பலகை, ஒரு வயர், அவ்வளவுதான். கடைக்காரர், "டெஸ்க்டாப்புக்கா கேக்குறீங்க? மவுஸே வசதியா இருக்குமே சார்" என்றார். மணிக்கட்டு வலி என்றேன். முதல் பொய் அங்கேதான் ஆரம்பம்.

விவரம் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் குறுக்கே வருவார்கள், தெரியும். டிராக்பேடிலும் இரண்டு விரலால் உருட்டலாம், அதிலும் வரி நகரும் என்பார்கள். நகரும்தான். அதனால் அந்த வசதியை முதல் நாளே நிறுத்திவிட்டேன். பக்கத்தைக் கீழே இறக்க வேண்டுமென்றால் திரை ஓரத்துப் பட்டையை ஒற்றை விரலால் பிடித்து இழுத்து, நிறுத்தி, பார்த்து, மறுபடி இழுக்க வேண்டும். மெதுவான வேலை. மவுஸில் நாற்பது படிவம் ஏற்றும் நேரத்தில் இதில் இருபத்தைந்து ஏறினால் அதிகம். தங்கராசு சார் பலகையைப் பார்த்தார். "வேகம் குறையுமே" என்றார். குறையும் சார் என்றேன். "குறையட்டும்" என்று சொல்லிவிட்டுப் பென்சில் சீவப் போய்விட்டார்.

மற்றவர்களுக்கு அது நல்ல வேடிக்கை. பாய் தோசைக்கல் துடைக்கிறார் என்பார்கள். நான் விடுப்பில் போனால் என் மேசையில் யாரும் உட்கார மாட்டார்கள், என் வரிசையில் காத்திருக்க ஜனங்களும் விரும்ப மாட்டார்கள். தங்கராசு சார் ஓய்வு பெற்றுப் போனபின் மெல்ல மெல்ல வாசித்துக் காட்டுவதும் நின்றது. திரையைத் திருப்பிக் காட்டிவிட்டு, சரியா என்று கேட்டால் போதும் என்றானது. நான் மட்டும் ஒரு மூலையில் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தேன். சில நாள் என் குரல் எனக்கே கூச்சமாக இருக்கும். காரணத்தைச் சொல்லியிருந்தால் சிரிப்பு நின்றிருக்கும், ஆனால் காளீஸ்வரியின் கதை தேநீர் நேரத்துப் பேச்சாகியிருக்கும். அதனால் சொல்லவில்லை.

அவள் வருடத்துக்கு ஒருமுறை அட்டையைப் புதுப்பிக்க வருவாள். வேறு மேசை காலியாக இருந்தாலும் என்னிடம்தான் உட்காருவாள். நான் எல்லா வரியையும் அவள் முகத்தைப் பார்த்து வாசிப்பேன். மணநிலை, திருமணமானவர். "ஆமா" என்பாள். எட்டு வருடம், எட்டு ஆமா. வேறு எதுவும் பேசிக்கொண்டதில்லை.

நூர்ஜகான் மௌத்தானது என் ஓய்வுக்கு மூன்று வருடம் முன்னால். நெஞ்சுவலி, ஒரே நாள். மகன் கத்தாரிலிருந்து வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போனான். அதற்குப் பிறகு தொண்டி வீட்டில் நான் ஒருவன்தான். பஸ்ஸில் ராமநாதபுரம் வந்து நாள் முழுக்க வாசித்துவிட்டுப் போய், வீட்டில் வாயைத் திறக்காமல் படுத்துக்கொள்வேன். ஊழியர்களுக்கும் அதே மருத்துவ அட்டைதான். வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும், பக்கத்து மேசைக்காரர் வாசித்துக் காட்ட வேண்டும். ரம்யா என் படிவத்தை என் பக்கமே தள்ளிவிட்டு, "நீங்களே போட்டுக்கங்க பாய்" என்று எழுந்து போய்விடுவாள். நல்ல மனசு அவளுக்கு. இரண்டு வருடம் நானே போட்டுக்கொண்டேன். மணநிலையில் கை வைக்கவில்லை. திருமணமானவர் என்றே இருந்தது, துணைவர் பெயர் நூர்ஜகான் என்றே இருந்தது.

என் கடைசி மாதத்தில் காளீஸ்வரி வந்தாள். வாசித்தேன், ஆமா என்றாள், முடிந்தது. அடுத்த வருடம் நான் இருக்க மாட்டேன், ரம்யாவிடம் வாருங்கள் என்றேன்.

"அப்ப வீட்டுல அக்காவோட நிம்மதியா இருக்கலாம்" என்றாள்.

"அவ மௌத்தாகி மூணு வருசம் ஆச்சும்மா."

எழுந்திருக்கப் போனவள் மறுபடி உட்கார்ந்தாள். "வருசா வருசம் வந்தேனே பாய். ஒரு வார்த்த சொல்லலையே" என்றாள். பிறகு, அன்று புதுப்பிப்பதற்காக மேசையில் நான் வைத்திருந்த என் படிவத்தைப் பார்த்தாள். எட்டு வருடம் எதிரே உட்கார்ந்தவளுக்கு எந்த வரி எங்கே இருக்கும் என்று தெரியாதா? பென்சிலை எடுத்துக்கொண்டாள்.

"நான் வாசிக்கிறேன், நீங்க சொல்லுங்க."

எழுத்துக் கூட்டித்தான் வாசித்தாள். பெயர். ஆமாம். ஊர். ஆமாம். துணைவர் பெயர் நூர்ஜகான். ஆமாம் என்றேன், குரல் உடைந்தது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் பார்த்தார்கள். ரம்யா தலையைக் குனிந்துகொண்டாள். காளீஸ்வரி நிறுத்தவில்லை. என் முகத்தை நேராகப் பார்த்து அடுத்த வரியை வாசித்தாள்.

"மணநிலை. திருமணமானவர்."

நான் பேசவில்லை. அவள் அந்த வரியைத் தாண்டிப் போகவும் இல்லை.

"எங்க வீட்டுக்காரரு இருக்காரான்னு எனக்குத் தெரியாது பாய். அதுனால ஆமாங்கிறேன்" என்று மெதுவாகச் சொன்னாள். "நீங்க அக்கா குழியில மண்ணள்ளிப் போட்டீகள்ல."

"இல்லம்மா. திருமணமானவர் இல்ல" என்றேன். பலகையில் விரலை வைத்து, என் பதிவில் அந்தக் கட்டத்தைத் திறந்து, ஒரு வரி கீழே இறக்கினேன். இனி அட்டையில் நூர்ஜகான் பெயருக்கு முன்னால் காலஞ்சென்ற என்று அச்சாகும். மூன்று வருடத்தில் அன்றைக்குத்தான் அழுதேன், அத்தனை பேர் முன்னால். அவள் நான் முடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு அந்த வரிக்கு இடப்பக்கம் பென்சிலால் டிக் போட்டாள்.

"அடுத்தத வாசிக்கட்டா பாய்?" என்று கேட்டாள்.